பட்டாளத்துக்காரர் வீட்டுக் கதை

ரஷ்யப் போர் முடிந்து ஊர் திரும்பிய சுகிமோட்டோ, செத்துப்போன நண்பன் தொராஜியின் எலும்பை எடுத்துக்கொண்டு அவன் மனைவி உமெகோவின் வீட்டுக்குப் போகிறான். ஒரு காலத்தில் சுகிமோட்டோ கட்டிக்கொள்ள நினைத்த பெண்தான் உமெகோ. சின்ன வயதிலிருந்தே பழகியவள். இப்போது அவளுக்குப் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. முகம் தெரியாது, வாசனையை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிப்பாள். வாசலில் வந்து நிற்பவனிடம், யார் நீங்கள் என்று கேட்கிறாள். சத்தோரு நோடா என்ற ஜப்பானியர் 2014 முதல் 2022 வரை வார இதழ் ஒன்றில் தொடராக வரைந்த 'கோல்டன் கமுய்' என்ற மங்காவில், அதாவது ஜப்பானியப் படக்கதையில், வரும் காட்சி இது. முப்பத்தொரு தொகுதிகள் கொண்ட அந்தக் கதையில் துப்பாக்கிச் சண்டைக்கும் கரடி வேட்டைக்கும் குறைவே இல்லை. ஆனாலும் கதையைத் தூக்கி நிறுத்துவது அந்த ஒரு கேள்விதான். சுகிமோட்டோ மாறிவிட்டான் என்பது அவன் முகத்தில் தெரியவில்லை, அவனை அறிந்தவளின் வாயில் தெரிகிறது. போரிலிருந்து திரும்பியவனின் கதை என்று நாம் சொல்வது பெரும்பாலும் அவனைப் பற்றியதே அல்ல. அவனைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டிய வீட்டையும் ஊரையும் அரசாங்கத்தையும் பற்றியது. இதை மங்கா நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறது. நம் தமிழிலும் அதற்கான கதைகள் கொட்டிக் கிடக்கின்றன. நாம்தான் செத்தவனின் கதையோடு நிறுத்திக்கொள்கிறோம்.

முதலில் அந்தப் போரின் கணக்கைப் பார்த்துவிடலாம். 1904, 1905 ஆண்டுகளில் ஜப்பானும் ரஷ்யாவும் மஞ்சூரியாவில் மோதின. போர்ட் ஆர்தர் கோட்டையைப் பிடிக்க அதன் அருகிலிருந்த 203 மீட்டர் குன்றை ஜப்பானியர் அலை அலையாக ஏறித் தாக்கினார்கள். ஆயிரக்கணக்கானோர் மாண்டபின் 1904 டிசம்பரில் குன்று விழுந்தது. போரில் ஜப்பான் ஜெயித்தது. ஆனால் 1905 செப்டம்பரில் கையெழுத்தான போர்ட்ஸ்மத் ஒப்பந்தத்தில் ரஷ்யா ஒரு காசுகூட நஷ்டஈடு தரவில்லை. வரி கட்டியவர்களும் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் எதற்காக இவ்வளவும் என்று கேட்டுத் தலைநகர் தோக்கியோவில் கலவரம் செய்தார்கள். நோடாவின் கதை இந்த மனக்குறையிலிருந்துதான் முளைக்கிறது. 203 மீட்டர் குன்றில் சாகாமல் தப்பிய சுகிமோட்டோ மேலதிகாரியை அடித்ததால் ஓய்வூதியம் இல்லாமல் வெளியேற்றப்பட்டு, வடக்கே ஹொக்கைடோவின் ஆற்று மணலைச் சலித்துத் தங்கம் தேடுகிறான். அவனைத் துரத்தும் லெப்டினன்ட் ட்சுருமியும் அதே குன்றில் ஆட்களைப் பறிகொடுத்தவன்தான். தன் சிப்பாய்களுக்கு அரசு உரியதைச் செய்யவில்லை என்ற ஆத்திரத்தில் தனி நாடே கண்டுவிடத் துடிக்கிறான். நாயகனும் வில்லனும் ஒரே பாக்கியைத்தான் வசூலிக்க அலைகிறார்கள். தமிழ் சினிமாவுக்கே உரிய திருப்பம் என்று தோன்றும். இங்கே அதற்குப் பின்னால் நிஜமான வரலாறு இருக்கிறது.

சுகிமோட்டோவைக் கடைசியில் மனிதனாக ஏற்றுக்கொள்பவள் அசிர்ப்பா என்ற சிறுமி. ஹொக்கைடோவின் பூர்வகுடிகளான ஐனு இனத்தவள். அவளுடைய மக்களின் காட்டையும் ஆற்றையும் எடுத்துக்கொண்டதும் அவன் யாருக்காகச் சண்டை போட்டானோ அதே அரசுதான். கதையின் நடுவில் ஓரிடத்தில் சுகிமோட்டோ அவளிடம் மனம் திறக்கிறான். போர்க்களத்தில் பிழைக்க வேண்டுமானால் வேறு ஆளாக மாறியாக வேண்டும், அப்படி மாறிய சிலர் ஊருக்கு வந்த பிறகும் பழைய ஆளாகத் திரும்புவதில்லை என்கிறான். அவள் ஆறுதல் சொல்வதில்லை, அறிவுரையும் சொல்வதில்லை. அவன் ஊரில் வெயிலில் காயவைத்துத் தின்னும் பெர்சிமன் பழத்தைத் தின்றால் பழைய சுகிமோட்டோ வந்துவிடுவானா என்று கேட்கிறாள். குழந்தைத்தனமான கேள்விதான். ஆனால் ஓய்வூதிய அலுவலகமோ படைத்தளபதியோ கேட்காத கேள்வி. திரும்பி வருபவனுக்கு என்ன வேண்டும் என்று யோசிக்கும் ஒரே ஆள், அவனுக்கு எந்தக் கடமையும் பட்டிராதவள்.

இதெல்லாம் கதாசிரியரின் கற்பனை என்று சொல்லிவிடலாம். ஷிகெரு மிசுகியின் வாழ்க்கையைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. 1922இல் பிறந்த மிசுகி இரண்டாம் உலகப்போரில் கட்டாயமாகப் படையில் சேர்க்கப்பட்டு, பப்புவா நியூகினியின் நியூ பிரிட்டன் தீவுக்கு அனுப்பப்பட்டவர். அங்கே குண்டுவீச்சில் இடது கையை இழந்தார். ஜப்பான் சரணடைந்தபோது அவரோடு நெருங்கிப் பழகியிருந்த அந்தத் தீவின் தோலாய் மக்கள், இங்கேயே இருந்துவிடு, வீடும் நிலமும் தருகிறோம் என்றார்கள். அவருக்கும் இருந்துவிடவே ஆசை. முதலில் ஊருக்குப் போய்ப் பெற்றோரைப் பார் என்று படை மருத்துவர் சொன்னதால், திரும்பி வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறினார். வாக்கைக் காப்பாற்றக் கால் நூற்றாண்டு ஆயிற்று. ஆக்கிரமிக்கப்பட்டவர்கள் நிலம் தர முன்வந்தார்கள், சொந்த நாடோ கையை விரித்தது. விரித்தது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். தோற்ற ஜப்பானில் 1946இல் நேசநாடுகளின் ஆக்கிரமிப்பு நிர்வாகம் படைவீரர் ஓய்வூதியத்தையே நிறுத்தியது. அது திரும்ப வர 1953 ஆயிற்று. அதற்கிடையில் கை, கால் இழந்தவர்கள் மருத்துவமனை வெள்ளை அங்கியோடு தெருவிலும் ரயிலிலும் இசைக்கருவி வாசித்துப் பிச்சை எடுத்தார்கள். ஊர் முதலில் இரக்கப்பட்டது, பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மிசுகி அந்த நாட்களில் மீன் விற்றார், வாடகை விடுதி நடத்திப் பார்த்தார், தெருவில் படம் காட்டிக் கதை சொல்பவர்களுக்குப் படம் வரைந்தார், பிறகு வாடகைப் புத்தகக் கடைகளுக்கு மலிவு மங்கா வரைந்தார். நம் ஊர் வாடகை நூல் நிலையங்களில் ராஜேஷ்குமாரும் ரமணிசந்திரனும் கைமாறிய மாதிரிதான் அங்கே மங்கா கைமாறியது.

அவர் 1973இல் வெளியிட்ட போர்க்கதை, 'மானத்தோடு மடியுங்கள்' என்ற கட்டளையை ஏற்று ஒரு படைப்பிரிவே அர்த்தமில்லாமல் அழிக்கப்படுவதைச் சொல்கிறது. அதில் பெரும்பகுதி தான் கண்டதே என்று மிசுகி சொல்லியிருக்கிறார். அந்தப் பக்கங்களைப் பார்த்தவர்களுக்கு உடனே ஒன்று உறைக்கும். சிப்பாய்கள் எல்லாரும் கேலிச்சித்திரம் போல இருப்பார்கள். அவர்களைச் சுற்றியிருக்கும் காடும் கடலும் மட்டும் புகைப்படம் போலத் துல்லியமாக, ஒவ்வொரு இலையாக வரையப்பட்டிருக்கும். கடைசிப் பக்கங்களில்தான் மனித உடலும் அதே துல்லியத்துக்கு வருகிறது, பிணமாகவும் எலும்பாகவும். உயிரோடு இருக்கும்வரை ராணுவத்துக்குச் சிப்பாய் ஒரு கோட்டுருவம்தான் என்று இதைவிட அழுத்தமாக எந்த வசனத்தால் சொல்ல முடியும்? அந்தப் புத்தகம் வந்த காலமும் கவனிக்கத்தக்கது. போர் முடிந்தும் சரணடையாமல் குவாம் தீவுக் காட்டில் ஒளிந்திருந்த யோகோய் என்ற சிப்பாய் 1972இல் பிடிபட்டார். பிலிப்பைன்சில் ஒளிந்திருந்த ஓனோடா 1974இல்தான் வெளியே வந்தார். ஓனோடாவை நாடே மாலைபோட்டு வரவேற்றது, அவரோ மறு ஆண்டே பிரேசிலுக்குப் போய் மாட்டுப்பண்ணை வைத்துக்கொண்டார். வீரனாக வரவேற்பது ஒன்று, மனிதனாகச் சேர்த்துக்கொள்வது வேறு.

மிசுகியைச் சேர்த்துக்கொண்டது யார் என்பதும் பதிவாகியிருக்கிறது. 1961இல் பெண் பார்த்து ஐந்தே நாளில் அவரைக் கட்டிக்கொண்ட நுனோயே, அடகுக்கடையில் சாமான்கள் போன காலம் முதல் கணவர் புகழ்பெற்ற காலம் வரை நடந்ததையெல்லாம் 2008இல் நூலாக எழுதினார். 2010இல் அது ஜப்பானின் பொது ஒளிபரப்பில் காலைத் தொடராக வந்து நாடே பார்த்தது. ஒற்றைக் கையால் வரைந்த மனிதரின் கதை, பக்கத்தில் உட்கார்ந்து உதவியவரின் வாய்வழியாக வந்தபோதுதான் முழுமையானது. என் வாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான சாட்சி கிடையாது.

இனி நம் பக்கம் வருவோம். பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டத்தில்தான் ரஞ்சன்குடிக் கோட்டை இருக்கிறது. 1751இல் அதற்கு அருகிலுள்ள வாலிகண்டபுரத்தைச் சுற்றிச் சந்தா சாகிபின் பிரெஞ்சு ஆதரவுப் படையும் முகமது அலியின் ஆங்கிலேய ஆதரவுப் படையும் மோதின. நவாபுகளின் பெயர் தெரியும், கேப்டன்களின் பெயரும் தெரியும். இரு பக்கமும் கூலிக்குச் சண்டை போட்ட உள்ளூர்ச் சிப்பாய்கள் அந்த ஆண்டு எந்தக் கொல்லையை உழப் போனார்கள் என்பது யாருக்கும் தெரியாது. முதல் உலகப்போர் முடிந்ததும் வெள்ளைக்கார அரசு சென்னை மாகாணத்தின் பல ஊர்களில் சிறு கல்வெட்டுகளைப் பதித்தது. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்று அவற்றில் இருக்கும். திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர் என்பது இருக்காது. நாம்தான் கழித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். நடுகல் காலத்திலிருந்தே நம் கல் செத்தவனுக்குத்தான். 2024 தீபாவளிக்கு வந்து வசூலை அள்ளிய 'அமரன்' வரை சினிமாவும் அதே கணக்குத்தான். இத்தனைக்கும் நம்மிடம் வேறொரு மரபும் இருந்தது. புறநானூற்றில் அரிசில்கிழார் பாட்டு ஒன்றில், புண்பட்டு வீட்டில் கிடக்கும் வீரனைக் காக்கப் பெண்கள் கூரையில் இரவத் தழையும் வேப்பிலையும் செருகுகிறார்கள், வெண்சிறுகடுகைத் தூவுகிறார்கள், குழல் ஊதி மணி அடித்துப் பாடுகிறார்கள், வீடெல்லாம் நறும்புகை காட்டுகிறார்கள். போர்க்களம் அந்தப் பாட்டில் இல்லவே இல்லை. இருப்பது, திரும்பியவனைக் காபந்து பண்ணும் ஒரு வீடு. அந்தத் துறையை நாம் அப்படியே விட்டுவிட்டோம்.

விடாமல் பிடித்துக்கொண்ட ஒருவர் உண்டு. சிங்கம்புணரிக்காரரான ப. சிங்காரம் இளம் வயதில் இந்தோனேசியாவின் மேடானுக்குக் கடைவேலைக்குப் போனவர். போரையும் ஜப்பானிய ஆட்சியையும் அங்கே கண்ணால் பார்த்து 1946இல் ஊர் திரும்பி, மதுரை தினத்தந்தியில் வேலை பார்த்தவர். அவருடைய முதல் நாவல் 'கடலுக்கு அப்பால்' கலைமகள் போட்டியில் பரிசு பெற்று 1959இல் வந்தது. அதன் நாயகன் செல்லையா பினாங்கில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாள், அதாவது உதவியாள். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து அதிகாரியாகிறான், போர் தோற்றதும் கடைக்கே திரும்புகிறான். முதலாளி வயிரமுத்துப் பிள்ளை தன் மகள் மரகதத்தை அவனுக்குத்தான் கொடுப்பதாக இருந்தார். இப்போது மாட்டேன் என்கிறார். செல்லையா கெட்டவன் என்பதால் அல்ல. வட்டித்தொழிலுக்குக் குனிந்து போகிற மனசு வேண்டும், துப்பாக்கி பிடித்து ஆட்களுக்குக் கட்டளை போட்டவனுக்கு அது வராது என்பது அவருடைய கணக்கு. மகள் அழுகிறாள், மனைவி காமாட்சியம்மாள் மன்றாடுகிறாள், பிள்ளை அசைவதில்லை. அவரைக் கொடியவராகச் சிங்காரம் வரையவில்லை என்பதுதான் நாவலின் பலம். பிள்ளை தன் உலகத்தின் நியாயப்படி சரியாகவே யோசிக்கிறார். அந்த நியாயத்தில் ஒரு முன்னாள் சிப்பாய்க்கு இடம் இல்லை, அவ்வளவுதான். இதே சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' 1972இல் வந்து, பிற்காலத்தில் தமிழின் தலைசிறந்த நாவல்களில் ஒன்றாகக் கொண்டாடப்படுகிறது. அதில் நாயகன் பாண்டியன் கடைசியில் சுடப்பட்டுச் சாகிறான். உயிரோடு திரும்பிக் கல்லாப்பெட்டி முன்னால் நிற்கும் செல்லையாவின் கதைக்கோ வாசகர் குறைவு. இதை வாசகர்களின் ரசனை பற்றிய ஒரு தகவலாகவே எடுத்துக்கொள்ளலாம்.

செல்லையாவின் நிலை புனைவில் மட்டும் நடந்ததல்ல. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் அந்தப் படையில் சேர்ந்த சாதாரண மக்களில் பெரும்பாலோர் தமிழர்கள், அவர்களிலும் மிகுதியானோர் ரப்பர் தோட்டத் தொழிலாளிகள். கேப்டன் லட்சுமி தலைமையில் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த பெண்களில் பால்வெட்டும் தொழிலாளிகளும் இருந்தார்கள், ஜானகி ஆதி நாகப்பன் போல வசதியான வீட்டுப் பெண்களும் இருந்தார்கள். போர் முடிந்ததும் தொழிலாளிகள் அதே தோட்டத்துக்கு, அதே துரைக்குக் கீழே பால்வெட்டத் திரும்பினார்கள். இந்தியாவில் அந்தப் படையின் அதிகாரிகள்மீது 1945 நவம்பரில் டெல்லி செங்கோட்டையில் நடந்த விசாரணை நாட்டையே கொந்தளிக்க வைத்தது. ஆனால் விடுதலைக்குப் பிறகு நேரு அரசு அந்தப் படையினரை இந்தியப் படையில் திரும்பச் சேர்க்கவில்லை. விடுதலைப் போராட்ட வீரர் ஓய்வூதியம் 1972இல் வந்தபோதுதான் மத்திய அரசின் கணக்கில் அவர்கள் ஏறினார்கள். போர் முடிந்து இருபத்தேழு ஆண்டு. ஜப்பானியச் சிப்பாய்களைத் தோற்ற நாடு ஏழாண்டு காக்கவைத்தது. ஜெயித்த விடுதலை இயக்கம் தன் சிப்பாய்களை அதைப்போலக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு காலம் காக்கவைத்திருக்கிறது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும், எழத்தான் வேண்டும். மிசுகி போட்டிருந்த அதே சீருடைக்காரர்கள்தான் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களைச் சயாம், பர்மா ரயில்பாதை போடக் கொண்டுபோய்க் காலராவுக்கும் பட்டினிக்கும் பலி கொடுத்தார்கள். அந்த நானூற்றுச் சொச்சம் கிலோமீட்டரும் தமிழ்ப் பிணங்களின் மேல் போட்டது என்று இன்றும் மலேசியத் தமிழர் வீடுகளில் பேசுவார்கள். அந்தப் படையின் சிப்பாய்க்காகத் தமிழ் வாசகர் ஏன் கண்ணீர் விட வேண்டும்? கண்ணீர் விட வேண்டியதில்லை என்பதே என் பதில். மிசுகியும் அதைக் கேட்கவில்லை. அவருடைய போர்க்கதை தொடங்குவதே ராணுவம் நடத்திய பாலியல் விடுதி வாசலில் சிப்பாய்கள் வரிசையில் நிற்கும் காட்சியோடுதான். தன் நாடு பிறருக்கு என்ன செய்தது என்பதைப் பின்னாளில் அவர் வரைந்த 'ஷோவா' வரலாற்றுத் தொகுதிகளும் மறைக்கவில்லை. திரும்பி வந்தவனின் கதை அவனைக் குற்றத்திலிருந்து விடுவிக்கும் என்று நாம் அஞ்சுகிறோம். ஆரவாரமான வரவேற்போ மலர்மாலையோதான் அந்தக் காரியத்தைச் செய்கிறது, ஏனென்றால் அவை எதையும் கேட்பதில்லை. வீட்டுக்குள் வந்து உட்காரும் கதை கேட்கிறது. அங்கே என்ன செய்தாய் என்று கேட்கும் உரிமை, சோறு போடுகிற வீட்டுக்குத்தான் உண்டு. சயாம் ரயிலுக்குப் போய் உயிரோடு மீண்ட தோட்டத் தொழிலாளிக்கும் இதே மாதிரி ஒரு படக்கதை வேண்டும் என்று கேட்டால், அது மறுப்பல்ல, கோரிக்கை. முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொரு மறுப்பு உள்ளூரிலிருந்து வரும். ஜப்பானில் கட்டாய ராணுவம், தோல்வி, பஞ்சம். இங்கே இளைஞர்கள் ஆசைப்பட்டுச் சேர்கிறார்கள், ஓய்வூதியம் வருகிறது, மிலிட்டரி கேன்டீன் இருக்கிறது, அப்புறம் என்ன குறை என்பார்கள். குறை இல்லாமலிருக்கலாம், கதை இல்லாமல் இல்லை. மானாவாரிச் சீமையான வேப்பந்தட்டைப் பக்கம், பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் மழையை நம்பி நிற்கும் ஊர்களில், மாதச் சம்பளம் என்பதே ஒரு அந்தஸ்து. பதினைந்து ஆண்டு முடித்தால்தான் சிப்பாய்க்கு ஓய்வூதியம் என்பதால், பதினேழு பதினெட்டு ஆண்டு இருந்துவிட்டு நாற்பதுக்குள் ஊர் திரும்புகிறவர்களே அதிகம். நாற்பது வயது மனிதன் ஓய்வு பெற்றவன் என்று ஊர் எப்படி ஒப்புக்கொள்ளும்? வருடத்துக்கு இரண்டு மாத லீவில் வந்து போனவரை விருந்தாளியாகவே பழகிய வீடு, அவர் இனி நிரந்தரம் என்றதும் தடுமாறுகிறது. எந்தக் கொல்லைக்கு என்ன உரம், வெங்காயப் பட்டறையை எப்போது பிரிப்பது, யாரிடம் கைமாற்று வாங்கியிருக்கிறது எல்லாம் மனைவிக்குத்தான் தெரியும். போர்வெல் போடலாம் என்று அவர் சொன்னால், போட்டு எத்தனை அடியில் புகைதான் வந்தது என்று அவள் சொல்வாள். ஊர்க்காரர்களுக்கு அவருடைய கார்கிலைவிடக் கேன்டீன் சரக்கில் அக்கறை அதிகம். கடைசியில் பலர் போய்ச் சேருவது வங்கி வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் வேலைக்கு, அல்லது 1986இல் தமிழக அரசு தொடங்கிய டெக்ஸ்கோ வழியாகக் கிடைக்கும் காவல் வேலைக்கு. முன்னாள் படைவீரர்கள் தொழில் தொடங்க ஒரு கோடி வரை கடனுக்கு மானியம் தரும் 'காக்கும் கரங்கள்' திட்டத்தை அரசு 2024இல் அறிவித்தது நல்லதுதான். ஆனால் கடன் விண்ணப்பத்தில் உமெகோவின் கேள்விக்கு இடம் கிடையாது. நாமோ டிசம்பர் 7 கொடி நாளில் சட்டையில் ஒரு சின்னக் கொடியைக் குத்திக்கொண்டு கணக்கை முடித்துவிடுகிறோம்.

இதற்கெல்லாம் படக்கதை எதற்கு, நாவல் போதாதா என்று கேட்கலாம். சிங்காரத்தின் நாவலுக்கு நேர்ந்ததைப் பார்த்தோமே. நாவலில் மனம் பேச வேண்டும், ஆனால் ஊர் திரும்பிய பட்டாளத்துக்காரர்கள் பேசுகிற சாதி இல்லை. அவர்களுடைய கதை காலை நாலரைக்கு விழிப்புத் தட்டி, மற்றவர்கள் எழும்வரை திண்ணையில் உட்கார்ந்திருப்பதில் இருக்கிறது. மடித்த போர்வையின் ஓரத்தில் இருக்கிறது. அவர் சொன்ன இந்தி வார்த்தை புரியாமல் பேரன் முழிப்பதில் இருக்கிறது. வசனமில்லாத நான்கு கட்டங்களில் இதைக் காட்டிவிடலாம். படக்கதை சின்னப்பிள்ளைச் சமாச்சாரம் என்பவர்களுக்குச் சிவகாசியே பதில். அங்கிருந்து வரும் லயன், முத்து காமிக்ஸ் வாசகர்களுக்குக் கேப்டன் டைகரைத் தெரியும். பிரெஞ்சில் புளூபெரி என்ற பெயரில் 1963இல் தொடங்கிய அந்தத் தொடரின் புகழ்பெற்ற பகுதி 'மின்னும் மரணம்' என்று தமிழில் தடித்த தொகுப்பாக 2015இல் வந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு தோற்ற தென்படையின் தங்கத்தைத் தேடி முன்னாள் சிப்பாய்களும் கொள்ளையர்களும் அலையும் கதை அது. போர் முடிந்தும் சண்டையை விட முடியாதவர்கள்தான் அதன் பாதிப் பாத்திரங்கள். நம் ஆட்கள் அதைப் புத்தகக் காட்சிகளில் முண்டியடித்து வாங்கினார்கள். சின்னப்பிள்ளைகள் யாரும் அதை வாங்கவில்லை, நாற்பது தாண்டிய அப்பாக்கள்தான் வாங்கினார்கள். நருட்டோ என்ற ஜப்பானியக் கார்ட்டூனைத் தமிழ்க் குரலில் டிவியில் பார்த்து வளரும் அடுத்த தலைமுறைக்கு மங்காவின் வாகும் பழகிவிட்டது. வாசகர் இருக்கிறார்கள். வரைகிறவர்கள்தான் இன்னும் நாயகனின் சாவுக்காகக் காத்திருக்கிறார்கள்.

இந்த வாதம் மிகக் கடுமையாகச் சோதிக்கப்படுவது ஈழத்தில். உள்நாட்டுப் போர் முடிந்த 2009க்குப் பிறகு விடுதலைப் புலிகள் இயக்கத்தின் முன்னாள் போராளிகள் சுமார் 12,000 பேர் இலங்கை அரசின் புனர்வாழ்வு முகாம்கள் வழியாக வெளியே வந்தார்கள். தச்சும் தையலும் கற்றுக்கொடுத்துச் சான்றிதழ் தந்து அனுப்பினார்கள். அவர்களை அரசு தொடர்ந்து கண்காணித்தது, ஊரோ உளவாளியாயிருக்குமோ என்று சந்தேகப்பட்டது. இயக்கத்தில் இருந்தபோது அண்ணா, அக்கா என்று அழைத்த வாய்கள், ஊர் திரும்பிய பெண் போராளிக்கு மாப்பிள்ளை பார்க்கச் சொன்னால் மௌனமாயின. விடுதலைப் புலிகளின் மகளிர் அரசியல் பிரிவுப் பொறுப்பாளராயிருந்த தமிழினி சிறையும் புனர்வாழ்வும் கடந்து வந்து, புற்றுநோயில் 2015இல் இறந்தார். அவருடைய 'ஒரு கூர்வாளின் நிழலில்' மறு ஆண்டு வந்ததும், இதை அவர்தான் எழுதினாரா என்ற சண்டைதான் முதலில் கிளம்பியது. உயிரோடு திரும்பி, தான் கண்டதைத் தன் போக்கில் சொன்ன ஒரு போராளியை ஏற்றுக்கொள்வது, மாண்டவர்களுக்கு விளக்கேற்றுவதைவிட அவ்வளவு கடினமாயிருந்திருக்கிறது. சிறுவயதில் அந்த இயக்கத்தில் இருந்த ஷோபாசக்தி, பாரிஸ் புறநகர் அடுக்ககத்தில் பராமரிப்பாளராக வேலை பார்க்கும் முன்னாள் புலியாக நடித்த 'தீபன்' 2015இல் கான் விழாவின் தங்கப் பனை விருது வாங்கியது. எடுத்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர். வன்னியின் பொதுமக்கள் பட்டதைப் படக்கதையாக 2019இல் கொண்டுவந்தவர்களும் பெஞ்சமின் டிக்ஸ், லின்ட்சே பொலக் என்ற இரு வெளிநாட்டவர். அவர்கள் செய்தது பெரிய காரியம். ஆனால் நாம் செய்யாமல் விட்டதைத்தான் அவர்கள் செய்திருக்கிறார்கள்.

இனி நாள் தள்ளிப்போட முடியாத ஒரு காரணமும் வந்திருக்கிறது. 2022இல் கொண்டுவந்த அக்னிபத் திட்டத்தில் சேரும் இளைஞர்கள் நான்காண்டு பணி செய்வார்கள். அவர்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் படையில் நிரந்தரமாவதில்லை. மற்றவர்கள் பெரும்பாலும் இருபத்தைந்து வயதுக்குள், ஓய்வூதியம் இல்லாமல், ஒரு தொகையை மட்டும் வாங்கிக்கொண்டு ஊர் வருவார்கள். தாத்தா காலத்துப் பட்டாளத்துக்காரருக்குத் திண்ணையும் மரியாதையும் இருந்தன. இவர்களுக்கு அவற்றுக்கான வயதே ஆகியிருக்காது. பெண் கொடுப்பவர்கள் வயிரமுத்துப் பிள்ளை போலவே கணக்குப் போடுவார்கள், வேலை கொடுப்பவர்களும்தான். இந்தக் கணக்கு நடக்கும் வீடுகளின் கூடத்தை, அங்கே பேசப்படுவதையும் பேசப்படாததையும், யாராவது ஒரு தமிழ் ஓவியர் இப்போதே வரையத் தொடங்கினால் மிசுகியைப் போலக் கால் நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருக்காது. கதை தேடி அந்த ஓவியர் மிசுகி இருந்த நியூ பிரிட்டன் தீவு வரை போக வேண்டாம். வேப்பந்தட்டையிலிருந்து பெரம்பலூர் போகும் பேருந்தில், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு மனு எடுத்துக்கொண்டு போகிற யாருடைய பக்கத்திலாவது உட்கார்ந்தால் போதும்.